இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி

மகள் ரிஸ்வானாவுக்கு அத்தா எழுதுவது. போன மாதம் உனக்கு முப்பத்தாறு வயது முடிந்தது. அன்று காலை போனில் வாழ்த்துச் சொன்ன கையோடு, இந்த வருடம் நீ மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். தாய்க்கு எந்த வயதில் நோய் தெரிந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்பே மகள் படம் எடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று உன் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்குத் தெரிந்தது நாற்பத்தாறில். நீ கோயம்புத்தூரில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். "அம்மாவுக்கு அந்த மெசினு என்னத்தக் காட்டுச்சு அத்தா? எனக்கு மட்டும் காட்டிருமாக்கும்?" என்று கேட்டாய். உனக்கு நேரமாகிறதே என்றேன். நீ, "சரி, வைக்கேன், பஸ்ஸு வந்துருச்சு" என்று வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் பத்து வருடமாக என்னிடம் இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்லாமல் இதைப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

உத்தமபாளையத்துக்கு மதுரை மருத்துவமனை ஒன்றிலிருந்து பரிசோதனை வண்டி வந்தது உனக்கு நினைவிருக்காது. அப்போது உனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம், கோயம்புத்தூரில் இருந்தாய். பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி. உள்ளே எக்ஸ்ரே இயந்திரம். நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு மேமோகிராம் இலவசம் என்று இரண்டு நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். நான் செய்தி சேகரிக்கப் போனபோது மணி பத்து. பள்ளிக்கூட மைதானத்தின் சுவரோரம் முப்பது பெண்களாவது நின்றார்கள். ஒருவரும் வண்டியில் ஏறவில்லை. சுகாதார நர்சம்மா என்னிடம் வந்து, "சார், நீங்க செய்தி போடணும்னா மொதல்ல ஒரு ஆள் ஏறணும்ல? வீட்டுல இருந்து கூட்டிட்டு வாங்க" என்றார். நான் மொபெட்டில் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். "என்னயவா? நான் என்ன காச்சலாவா கெடக்கேன்?" என்று கேட்டாளே தவிர, அடுப்பை அணைத்துவிட்டுத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியின் படியில் கால் வைத்தவள் திரும்பி, சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "உள்ள நிக்கிறது பொம்பளப் புள்ளதான். நான் போயிப் பாக்கேன். கடிச்சா கத்துறேன், நீங்கள்லாம் ஓடிருங்க." பத்து நிமிடத்தில் இறங்கி வந்தாள். எப்படியிருந்தது என்று ஒரு அம்மா கேட்டார். "ரொட்டிக்கு மாவத் தட்டுற மாதிரி வச்சு அமுக்குது. வலிக்கத்தான் செய்யுது. ஆனா அடுப்புல பால வச்சுட்டு வந்தாக்கூடப் பொங்குறதுக்குள்ள போயிரலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள். அந்த வரிசையைப் படம் எடுத்துச் செய்தி அனுப்பினேன். நான் 'மார்பகப் புற்றுநோய்' என்று எழுதியதை மதுரை அலுவலகத்தில் 'மகளிர் நோய்' என்று மாற்றிப் போட்டார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. நம் வீட்டிலும் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பழுப்பு உறையில் அறிக்கை வந்தது. இரண்டு பக்கம், ஆங்கிலம். உன் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துத் தமிழில் சொன்னேன். முதல் பக்கத்தில், சந்தேகப்படும்படியான கட்டி எதுவும் தெரியவில்லை, சுண்ணாம்புப் புள்ளிகளின் திரளும் இல்லை என்று இருந்தது. "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கே" என்றேன். அவள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் கண் கூர்மை. "ரெண்டாம் பக்கத்துல அடியில ரெண்டு வரி தனியாப் போட்டிருக்காகளே, அது என்ன?" என்று கேட்டாள். நான் பார்த்தேன். திசு அடர்த்தியாக இருப்பதால் இந்தப் படத்தில் சிறிய கட்டிகள் மறைந்திருக்கக்கூடும், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சேர்த்துப் பார்க்க அறிவுறுத்தப்படுகிறது என்று அதில் இருந்தது. "அது எல்லாருக்கும் போடுறது" என்றேன். உறையை மடித்து என் செய்தி நறுக்குகள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து வருடமாக யோசிக்கிறேன். ஆங்கிலம் புரியாமல் இல்லை. அவள் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. என் தொழில்தான் என்னை அப்படி வாசிக்கப் பழக்கியிருந்தது. செய்தி எழுதுகிறவன் முக்கியமானதை முதல் பத்தியிலேயே வைத்துவிட வேண்டும். அலுவலகத்தில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். எனவே கடைசிப் பத்தியில் நான் எப்போதும் போனால் போகட்டும் என்கிற விஷயங்களையே வைப்பேன். விழாவில் நன்றி கூறியவர் பெயர், போலீசார் விசாரித்து வருகின்றனர் என்ற வரி, இப்படி. இருபத்தைந்து வருடம் அப்படி எழுதிய கண், ஒரு டாக்டரின் அறிக்கையையும் அப்படியே வாசித்தது. அங்கே கணக்கு நேர்மாறு. பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, முடிவையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் அவர்கள் கடைசியில்தான் வைக்கிறார்கள். இது காரணம். இதைச் சொல்வதால் என் தப்பு ஒரு குண்டுமணி அளவும் குறையாது என்று எனக்குத் தெரியும்.

பதினோரு மாதம் போயிற்று. நோன்பு மாதத்தின் நடுவில் குளிக்கும்போது இடது பக்கம் ஏதோ கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அவள் என்னிடம் சொன்னது பெருநாள் கழிந்து நாலாம் நாள். ஏன் உடனே சொல்லவில்லை என்று கத்தினேன். "போட்டோ எடுத்து ஒண்ணுமில்லேன்னு வந்துருச்சுல்ல, வேற என்னவா இருக்கப் போகுதுன்னு இருந்துட்டேன்" என்றாள். மறுநாளே தேனிக்குப் போனோம். ஸ்கேன் சென்டரில் ஒரு டாக்டரம்மா. பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் கறுப்பாக, ஓரம் பிசிறு பிசிறாக ஒன்று தெரிந்தது. எனக்கே தெரிந்தது. முன்பு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த உறையைக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அடியிலிருந்து வாசித்தார்.

"இது டென்ஸ் பிரெஸ்ட் சார். அப்பவே ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்களே, எடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "யாரும் எங்ககிட்டச் சொல்லல மேடம்." உன் அம்மா முந்தானையால் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டரம்மா பொறுமையானவர். எனக்குப் புரியும்படி விளக்கினார். மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை பளிச்சென்று தெரிந்துவிடும். சுரப்பி அடர்த்தியாக உள்ளவர்களுக்கு வெள்ளைக்குள் வெள்ளை. "மேகமலைக்குப் போயிருக்கீங்கள்ல? பனி இறங்குன நேரத்துல எதுத்தாப்ல ஒரு வெள்ளை ஜீப்பு வந்தா உங்களுக்குத் தெரியுமா? அதுக்காக உங்க கண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?" என்றார். ஸ்கேன் ஒலி அலையை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. அதில் சுரப்பி வெளுப்பாகவும் கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் தெரியும். அதற்காக ஸ்கேன் மட்டும் போதும் என்று ஆகாது. ரவை மாதிரியான சுண்ணாம்புப் புள்ளிகள் சில சமயம் நோயின் முதல் தடயமாக இருக்கும். அவற்றை மேமோகிராம்தான் நன்றாகப் பிடிக்கும். ஒன்று விட்டதை மற்றொன்று பார்க்கும் என்றார். பதினோரு மாதம் முன்பு ஸ்கேன் எடுத்திருந்தால் இது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்கலாம். அப்ப இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைச் சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது" என்றார். நானும் உனக்கு அதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்திருக்கும் ஒரு வாய்ப்பை அவளுக்குக் கொடுக்காமல் போனது நான்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு அந்தப் பேப்பர எதுவரைக்கும் வாசிச்சீக?"

"முழுசா வாசிச்சேன்."

"அப்ப அது எல்லாருக்கும் போடுறது இல்லையாக்கும்."

"இல்ல."

"இருவத்தஞ்சு வருசமா ஊரு சமாச்சாரமெல்லாம் எழுதுறீக. கம்பத்துல மாடு காணாமப் போனாக்கூட எந்த நெறத்து மாடு, கொம்பு எப்புடின்னு விசாரிச்சு எழுதுறீக" என்றாள். அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். சின்னமனூரில் முறுக்கு விற்கிறவர் ஏறினார். இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மதுரையில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். படம் சந்தேகத்தைத்தான் சொல்லும், உறுதி செய்வது அந்தத் துணுக்குதான். அக்குளிலும் இரண்டு இடத்தில் பரவியிருந்தது. அறுவை, கீமோ, கதிர் எல்லாம் முடிந்து ஒரு வருடம் நன்றாக நடமாடினாள். பிறகு எலும்பில் வந்தது. மூன்று வருடத்தில் மவுத்தாகிவிட்டாள். உனக்குத் தெரியாதது இதுதான்: முதல் நாளிலிருந்தே, வந்து கேட்ட எல்லோரிடமும் நான் சொன்னது ஒரே பதில். "போன வருசம் அந்த வண்டில படம் எடுத்தோம். மெசின் காட்டல." உன் மாமுவிடம் சொன்னேன். பள்ளிவாசலில் கேட்டவர்களிடம் சொன்னேன். கோயம்புத்தூரிலிருந்து பதறி ஓடிவந்த உன்னிடமும் அதையே சொன்னேன். நீ அன்று அந்த இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

நோய் தெரிந்ததற்கு அடுத்த வருடம் அதே வண்டி மறுபடியும் வந்தது. நானும் போனேன். மைதானம் காலியாக இருந்தது. அடுத்த தெருவில் தையல் வேலை செய்யும் ஆயிஷா பெயர் பதிந்திருந்தும் வரவில்லை. வழியில் பார்த்தபோது கேட்டேன். "ஒங்க வீட்டுல அவுகளுக்கே காட்டலையாம்ல? அப்புறம் எதுக்கு அதுல போயி நெஞ்ச நசுக்கிக்கிட்டு?" என்றார். நான் அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் அனுப்பிய செய்தியில், 'பெண்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லாததால் முகாமில் கூட்டம் குறைவாக இருந்தது' என்று எழுதினேன். அந்த நறுக்கு இப்போதும் என்னிடம் இருக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். ஆயிஷா இன்று வரை சுகமாக இருக்கிறார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. வராமல் போன மற்றவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். ஊருக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள் மட்டும் திருத்த முடியாது.

உன் அம்மா யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசி வருடம், வலி குறைந்திருந்த ஒரு மத்தியானம், நான் உன்னிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "இப்பச் சொல்லாதீக. அவ ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டா. நான் போன பெறகு ஒங்களுக்கு ஒரு வா கஞ்சி யாரு ஊத்துவா?" என்றாள். பிறகு, "ஆனா அவளுக்கும் அந்த வயசு வரும்ல, அப்பச் சொல்லிப்புடணும். கூடக் கொறையச் சொல்லக் கூடாது. நடந்தத நடந்தபடி சொல்லணும். எனக்காக வேணாம், அவ ஒடம்புக்காக" என்றாள். அந்த வயது வந்துவிட்டது. போன மாதம் போனில் நீ கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்று நீ சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

மகளிடம் அத்தா இதையெல்லாம் பேசுவது நம் வீட்டு வழக்கத்தில் இல்லை. பேசுவதற்கு உன் அம்மா இல்லாததால் நான் எழுதுகிறேன், கூச்சப்படாமல் வாசி. தேனி டாக்டரம்மாவிடம் போன வாரம் போய் உட்கார்ந்து, பேட்டி எடுப்பதுபோல் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் நாள் வாங்கு, அப்போது அமுக்கும்போது வலி குறைவு. அன்று பவுடர், சென்ட் எதுவும் போடாதே, அவை படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து குழப்பும். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்று நீயே முதலில் சொல். உன் வயதில் சுரப்பி அடர்த்தியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எனவே மேமோகிராமோடு ஸ்கேனும் வேண்டுமா என்று கேள். தாய்க்கு இளவயதில் வந்திருந்தால் சிலருக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்வார்கள். குப்புறப் படுக்க வைத்து, நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது அது. நோய் இருக்கும் இடத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்தை அது சீக்கிரம் இழுத்துக்கொள்ளும், படத்தில் பளிச்சென்று தெரியும். உனக்கு அது தேவையா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சத்தம் அதிகமாக இருக்குமாம், பயப்படாதே.

அறிக்கை வந்ததும் நீயே வாசி. நீ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். உன் வீட்டுக்காரரிடமோ என்னிடமோ கொடுத்து 'என்ன போட்டிருக்கு' என்று கேட்காதே. முடிவுக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். பூஜ்யம் என்றிருந்தால் நிம்மதியாக மூடி வைத்துவிடாதே. எடுத்த படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் எண் அது. மறுபடி கூப்பிட்டால் உடனே புற்றுநோய் என்றும் நினைத்துக்கொள்ளாதே, அப்படிக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை என்றார் டாக்டரம்மா. ஒன்றுமில்லை என்று வந்தாலும் அது அன்றைய தேதிக்குத்தான். நடுவில் கையில் எதுவும் தட்டுப்பட்டால், பழைய படம் நன்றாக இருந்தது என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. உன் அம்மா காத்திருந்தது என் பேச்சை நம்பி.

அம்மாவின் பழைய அறிக்கையின் நகலை உனக்குத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருக்கிறது. அதை வாசித்தால் அந்த இயந்திரம் பொய் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும். தனக்கு எதுவரை தெரிகிறது, எதற்கு மேல் தெரியவில்லை என்று அது நேர்மையாகவே சொல்லியிருக்கிறது. அதன் மேல் இருக்கும் கோபத்தை எடுத்துவிடு.

என் மேல் வரப்போகும் கோபம் எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா பயந்தபடியே நீ என் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, நான் சமாதானம் பேச ஆள் அனுப்ப மாட்டேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. கஞ்சி வைத்துக் குடிக்கத் தெரியும். நீ என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு, ரிஸ்வானா. பரிசோதனைக்குப் போய்விட்டு வந்து பேசாமல் இரு.